விறைப்புக்கும் கட்டுப்பாட்டுக்கும் கெகல் பயிற்சி: ஆண்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஆணுறுப்புக்கான பயிற்சி என்று நெட்டில் தேடிப் பாருங்கள், "முப்பது நாளில் இரண்டு அங்குலம்" என்கிற வகைப் பேச்சுதான் வந்து குவியும். ராத்திரி டிவியில் பரம்பரை வைத்தியர், பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரில் லேகிய நோட்டீஸ், போனைத் திறந்தால் எண்ணெய் விளம்பரம் என்று எல்லாப் பக்கமும் இதே வியாபாரம். தாம்பத்திய சக்தியைக் கூட்டித் தருவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-லேயே மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. ஆனாலும் விளம்பரம் நிற்கவில்லை. ஏமாற்று ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு அதைவிட வருத்தம் தருவது வேறு. பைசா செலவில்லாத, மருத்துவ ஆய்வில் சோதித்துப் பார்த்த ஒரு பயிற்சி இருக்கிறது, அது இந்தக் கூச்சலில் யார் காதிலும் விழாமலே போய்விடுகிறது.

அதுதான் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி. கெகல் பயிற்சி என்றால் பலருக்குத் தெரியும். ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர், பிரசவத்துக்குப் பிறகு சிறுநீரை அடக்க முடியாமல் தவித்த பெண்களுக்காக 1948-ல் எழுதி வைத்த பயிற்சி இது. அதனாலேயே இது பெண்களுக்கானது என்று நம் ஆட்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தத் தசை ஆணுக்கும் இருக்கிறது, விறைப்பிலும் விந்து வெளியேறுவதிலும் நேரடியாக வேலை செய்கிறது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். பலன் தெரிய மூன்று மாதம் ஆகும், முழுப் பலனுக்கு ஆறு மாதம்கூட ஆகலாம். இரண்டு வாரத்தில் எதுவும் நடக்கவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது

முதலில் அளவு விஷயத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் பாதிப் பேர் தேடி வருவது அதற்காகத்தான். இந்தப் பயிற்சி நீளத்தைக் கூட்டாது. கைகால் தசையைப் போல உழைக்க உழைக்கப் பெருக்கும் தசை உறுப்பின் தண்டில் கிடையாது. அங்கே இருப்பது ரத்தம் நிரம்பும் பஞ்சுத் திசு, அதைச் சுற்றி ஒரு கெட்டியான உறை. ஜெல்கிங் என்று பெயர் வைத்து, பாதி விறைப்பில் உறுப்பை அழுத்தி இழுக்கும் முறையை வீடியோக்களில் காட்டுகிறார்கள். அது நீளம் தரும் என்பதற்கு நம்பத்தக்க ஆய்வு எதுவும் இல்லை. அந்த உறையில் காயம் பட்டால் வலி, தழும்பு, நிரந்தர வளைவு வரை போகலாம். செய்யாதீர்கள். எடை கட்டித் தொங்கவிடுவதும் அப்படித்தான். மருத்துவர்கள் சில நோயாளிகளுக்கு இழுவைக் கருவி தருவதுண்டு, முக்கியமாக உறுப்பு வளைந்துபோகும் நோய்க்கு. தினமும் பல மணி நேரம், மாதக்கணக்கில் மாட்டியிருந்தாலும் கிடைப்பது சுமார் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர்தான். அதுவும் மருத்துவர் கண்காணிப்பில் செய்ய வேண்டியது, நாமாக ஆன்லைனில் வாங்கி மாட்டிக்கொள்வதற்கு இல்லை.

சரி, சராசரி என்ன? லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2015-ல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தார்கள். மருத்துவப் பணியாளர்களே அளந்த ஆண்களின் அளவுகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், மொத்தம் 15,521 பேர். விறைப்பில் சராசரி நீளம் 13.12 சென்டிமீட்டர், சாதாரண நிலையில் 9.16. படம் பார்த்து மனதில் ஏறிய அளவுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள். குறைவு என்று நினைத்து மருகுகிற பெரும்பாலோர் இந்தச் சராசரியை ஒட்டித்தான் இருப்பார்கள். தொப்பை உள்ளவர்களுக்கு இன்னொரு விஷயம்: உறுப்பின் அடிப்பகுதி அடிவயிற்றுக் கொழுப்புக்குள் புதைந்து கிடக்கும், எடை குறைந்தால் அந்தப் பகுதி வெளியே தெரியும். எந்த எண்ணெயாலும் கிடைக்காத நீளம் அது.

இப்போது பயிற்சி எதைத் தரும் என்று பார்ப்போம். பிரிட்டனில் கிரேஸ் டோரி என்ற பிசியோதெரபிஸ்ட்டும் அவர் குழுவும் நடத்திய ஆய்வு 2005-ல் வெளிவந்தது. 55 ஆண்கள், எல்லோருக்கும் குறைந்தது ஆறு மாதமாக விறைப்புக் குறைபாடு. பயிற்சிக்குப் பிறகு, ஆறு மாத முடிவில், 40 சதவீதம் பேருக்கு இயல்பான விறைப்பு திரும்பியது, 35.5 சதவீதம் பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது, 24.5 சதவீதம் பேருக்கு மாற்றமே இல்லை. சின்ன ஆய்வுதான், ஆனால் அந்தக் கடைசி எண்ணையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள், அதனால்தான் எனக்கு அதன் மேல் மரியாதை. நாலில் ஒருவருக்குப் பலிக்காது. அந்த ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம், அப்போது என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

விந்து முந்துதலுக்கு ரோமில் நடந்த ஆய்வு 2014-ல் வந்தது. ஆரம்பத்திலிருந்தே முந்துதல் உள்ள 40 பேர், 12 வாரப் பயிற்சி. உறவு தொடங்கியதிலிருந்து விந்து வெளியேறும் வரை ஆகும் நேரம் தொடக்கத்தில் சராசரி 31.7 நொடி, 12 வார முடிவில் 146.2 நொடி. 33 பேருக்குக் கட்டுப்பாடு வந்தது. ஒப்பிடுவதற்கு ஒரு விவரம்: ஐந்து நாடுகளில் 500 ஜோடிகளிடம் ஸ்டாப்வாட்ச் கொடுத்து அளக்கச் சொன்ன 2005-ம் ஆண்டு ஆய்வில் இடைநிலை நேரம் 5.4 நிமிடம். அரைமணி, முக்கால் மணி என்று நண்பர்கள் அடித்துவிடுவதை வைத்து உங்களை அளந்துகொள்ள வேண்டாம்.

அந்தத் தசை எங்கே இருக்கிறது

முன்பக்கம் உள்ள அந்தரங்க எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, தூளி கட்டியதுபோல ஒரு தசைப் படுகை இருக்கிறது. சிறுநீர்ப்பை, மலக்குடல் எல்லாம் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. இதோடு சேர்ந்த இரண்டு தசைகள் நமக்கு முக்கியம். ஒன்று, உறுப்பின் வேர் இடுப்பெலும்போடு ஒட்டும் இடத்தில், இரு பக்கமும் அந்த வேரை மூடி இருப்பது. விறைப்பு வந்தபின் இது இறுகும்போது உள்ளே இருக்கும் ரத்தத்தின் அழுத்தம் ஏறி, உறுப்பு முழுக் கெட்டியாகிறது. "எழும்புகிறது, ஆனால் கெட்டியாக நிற்க மாட்டேன் என்கிறது" என்று சொல்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். இன்னொன்று, விதைப்பைக்குப் பின்னால் நடுவில், சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருப்பது. விந்தைத் துடிப்புத் துடிப்பாக வெளியே தள்ளுவதும், சிறுநீரின் கடைசிச் சொட்டுகளைப் பிழிந்து வெளியேற்றுவதும் அதன் வேலை.

நாற்பதைத் தாண்டிய பலருக்கு ஒரு தொல்லை உண்டு. சிறுநீர் கழித்து, உதறி, ஜிப் போட்டு இரண்டடி நடந்ததும் நாலு சொட்டு பேண்டில் இறங்கிவிடும். வெளிர் நிறப் பேண்ட் என்றால் சட்டையை வெளியே எடுத்துவிட்டு மறைத்துக்கொண்டு ஆபீஸ் சீட்டுக்குத் திரும்புவார்கள். புராஸ்டேட் வீங்கிவிட்டதோ என்று பயப்படுவார்கள். பல நேரம் அந்த நடுத்தசை சோம்பிப்போனதுதான் காரணம். இந்தப் பயிற்சியில் முதலில் சரியாவதும் பெரும்பாலும் இதுதான், அதனால் விறைப்பில் மாற்றம் தெரியும் முன்பே, சரியான தசையைத்தான் பிடித்திருக்கிறோம் என்பதற்கு அடையாளமாக இதை எடுத்துக்கொள்ளலாம்.

ஆரம்பிக்கும் முன் செய்ய வேண்டிய பரிசோதனை

இதைத் தாண்டிக் குதித்து நேராகப் பயிற்சிக்குப் போய்விடாதீர்கள். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய்கள் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் அகலம்தான். இதயத்தின் குழாய்கள் மூன்று, நாலு மில்லிமீட்டர். கொழுப்புப் படிந்து அடைக்கத் தொடங்கினால் சின்னக் குழாய் முதலில் காட்டிக்கொடுக்கும். விறைப்பு குறைந்து இரண்டு மூன்று வருடத்தில் மாரடைப்பு வருவதை இதய மருத்துவர்கள் பார்க்கிறார்கள். அதனால், முன்பு நன்றாக இருந்து, சில மாதங்களாகக் குறைந்துகொண்டே வருகிறது என்றால், ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு அளவு, காலையில் எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) இத்தனையும் பார்த்துவிடுங்கள். நம் ஊரில் சர்க்கரை நோய் இருப்பதே தெரியாமல் திரிகிறவர்கள் ஏராளம், சிலருக்கு இந்தப் பிரச்சினைக்காகப் போய்த்தான் தெரிய வருகிறது. பிரஷர் மாத்திரை, மன அழுத்த மாத்திரை சிலவும் விறைப்பைக் குறைக்கும். அப்படித் தோன்றினால் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள், நீங்களே நிறுத்தாதீர்கள்.

இன்னொரு கேள்வி: காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா? தூக்கத்தில் ஆரோக்கியமான ஆணுக்கு ஒரு இரவில் மூன்றிலிருந்து ஐந்து தடவை வரை தானாக வரும். காலையில் நன்றாக இருந்து, மனைவியோடு இருக்கும்போது மட்டும் போய்விடுகிறது என்றால், குழாயும் நரம்பும் சரியாகவே இருக்க வாய்ப்பு அதிகம், பயமும் பதற்றமும்தான் கெடுக்கின்றன. சின்ன வயதில் கைப்பழக்கம் இருந்தது, அதனால் நரம்பு தளர்ந்துவிட்டது, விந்து வீணாகி உடம்பு இளைத்துவிட்டது என்று நம்பி வருடக்கணக்கில் உள்ளுக்குள் நொந்துபோகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மனநல மருத்துவர் என்.என். விக் 1960-லேயே இந்தப் பயத்துக்கு தாத் சின்ட்ரோம் என்று பெயர் கொடுத்தார். கைப்பழக்கத்தால் நரம்பு தளராது, விந்து போவதால் பலம் குறையாது. இந்தப் பயம் மட்டும்தான் உங்கள் பிரச்சினை என்றால் உங்களுக்குப் பயிற்சி தேவையில்லை, நல்ல மருத்துவரிடம் ஒரு மணி நேரம் மனம் விட்டுப் பேசினால் போதும்.

தசையைக் கண்டுபிடிப்பது

எல்லாம் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. தவறான தசையை மூன்று மாதம் இறுக்கினால் மூன்று மாதம் வீண். அதனால் முதல் வாரம் முழுக்க இதற்கே போனாலும் பரவாயில்லை.

சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, பாயில் மல்லாந்து படுங்கள். முழங்கால்களை மடக்கி, பாதங்கள் தரையில், கால்கள் சற்று விலகி. ஒரு உள்ளங்கை அடிவயிற்றில். இன்னொரு கையின் இரண்டு விரல்களை விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள மெத்தென்ற இடத்தில் லேசாக வையுங்கள். மூச்சு சாதாரணமாக ஓடட்டும். இப்போது, போய்க்கொண்டிருக்கும் சிறுநீரைச் சட்டென்று நிறுத்துவதுபோல நினைத்து, உறுப்பை உடம்புக்குள் இழுத்துச் சுருக்குங்கள். விரல்களுக்குக் கீழே ஏதோ ஒன்று இறுகி, மேலே எழும்பி விலகுவது தெரியும். விட்டதும் திரும்ப இறங்கி வந்து விரலைத் தொடும். அதுதான். வயிற்றில் இருக்கும் கைக்கு எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

பிறகு கண்ணாடி முன் உடையில்லாமல் நின்று அதையே செய்து பாருங்கள். உறுப்பின் அடிப்பகுதி லேசாக உள்ளே வாங்கும், விதைப்பை சற்று மேலே ஏறும். பிட்டம் இறுகக் கூடாது, தொடை நடுங்கக் கூடாது, தோள் உயரக் கூடாது. எதிரில் நிற்கும் ஆளுக்கு நீங்கள் எதையும் செய்வதாகவே தெரியாத அளவுக்குச் சின்ன அசைவு அது.

எந்த எண்ணத்தை மனதில் வைத்து இறுக்குகிறோம் என்பதும் முக்கியம். வாயுவை அடக்குவதுபோல மட்டும் நினைத்தால் பின்பக்கத் தசை அதிகம் வேலை செய்யும். உறுப்பைச் சுருக்குவதுபோல நினைத்தால் முன்பக்கம் நன்றாக வேலை செய்கிறது என்று ஆஸ்திரேலியாவில் ஸ்கேன் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். யோகா பழகியவர்கள் "இது அஸ்வினி முத்திரைதானே" என்று கேட்பார்கள். அஸ்வினி முத்திரை ஆசனவாயை இறுக்கி விடுவது, நமக்கு வேண்டியது அதற்கு முன்னால். மூலபந்தம் இதற்கு இன்னும் நெருக்கம்.

சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. தசையைக் கண்டுபிடிக்க ஒரு தடவை செய்து பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். பழக்கமாகிவிட்டால் சிறுநீர்ப்பை முழுசாகக் காலியாகாமல் போகும்.

முதல் இரண்டு வாரம்

படுத்தபடி மட்டும். மூன்று நொடி இறுக்கம், ஆறு நொடி தளர்வு, எட்டு தடவை. காலையில் ஒரு முறை, ராத்திரி ஒரு முறை. மொத்தமே சில நிமிட வேலை. "இவ்வளவுதானா" என்று தோன்றும், ஆர்வத்தில் ஐம்பது, நூறு என்று போவார்கள், மூன்றாம் நாள் அடிவயிறு வலிக்கிறது, விறைப்பு இன்னும் குறைந்துவிட்டது என்று பயந்து நிறுத்துவார்கள். களைத்துப்போன தசை தற்காலிகமாகச் சரியாக வேலை செய்யாது, அவ்வளவுதான் விஷயம். எட்டு என்றால் எட்டோடு நிறுத்துங்கள்.

எண்ணும்போது வாய்விட்டு எண்ணுங்கள். சத்தம் வந்தால் மூச்சு போகிறது என்று பொருள். மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் அழுத்தம் கீழ்நோக்கிப் போய் அந்தத் தசைப் படுகையைக் கீழே தள்ளும், நாம் செய்ய நினைத்ததற்கு நேர் எதிர்.

தளர்வு நேரத்தை யாரும் மதிப்பதில்லை. இறுக்கத்தின் அளவுக்கு அது முக்கியம். ஆறு நொடியில் விரல் வைத்துப் பார்த்தால் தசை முழுதாக இறங்கி வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் பத்து நொடி எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை

இப்போது உட்கார்ந்து செய்யலாம். கெட்டியான மர நாற்காலி நல்லது, சோபாவில் புதைந்துவிட்டால் தசை பிடிபடாது. கால் ஊன்றி, முதுகு நிமிர்த்தி, ஐந்து நொடி இறுக்கம், பத்து நொடி தளர்வு, பத்து தடவை. காலையும் மாலையும். ஐந்தாம் வாரத்தில் ஏழு, எட்டு நொடி வரை ஏற்றலாம், ஆனால் ஐந்தாவது நொடியிலேயே தசை நழுவி, பிட்டம் துணைக்கு வருகிறது என்றால் அடுத்த படிக்குப் போகாதீர்கள். கணக்கில் நொடி ஏறுவதைவிட, பிடித்த இறுக்கம் கடைசி நொடி வரை அப்படியே நிற்கிறதா என்பதைப் பாருங்கள்.

இதோடு வேகப் பயிற்சி ஒன்றும் சேருங்கள். ஒரு நொடி இறுக்கி உடனே விடுவது, பத்து தடவை. நீண்ட பிடி தசையின் தாங்கும் திறனுக்கு, வேகப் பிடி சட்டென்று இறுகும் திறனுக்கு.

சிறுநீர் கழித்து முடித்ததும், உதறுவதற்கு முன்பே, நன்றாக ஒரு இறுக்கு, பிறகு விடுங்கள். தங்கியிருந்த சொட்டுகள் வெளியே வரும். இது வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ள வேண்டிய பழக்கம்.

ஏழாம் வாரத்திலிருந்து

நின்றபடி செய்யும் கட்டம் இது, கடினமும் இதுதான், ஏனென்றால் மேலே உள்ள எடை முழுவதையும் அந்தத் தசை தாங்கிக்கொண்டே இறுக வேண்டும். டோரியின் ஆய்வில் கொடுத்த திட்டம் ஆச்சரியமான அளவுக்குச் சின்னது: நின்று மூன்று, உட்கார்ந்து மூன்று, படுத்து மூன்று, ஒவ்வொன்றும் முழு பலத்தோடு பத்து நொடி வரை, இதைத் தினமும் இரண்டு வேளை. நடக்கும்போது பாதி பலத்தில் லேசாகப் பிடித்துக்கொள்வது, சிறுநீர் கழித்ததும் ஒரு இறுக்கு. ஏழாம் வாரத்திலிருந்து நீங்களும் இந்தத் திட்டத்துக்கே மாறிவிடலாம் என்பது என் கருத்து. எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றிலும் முழு முயற்சி. முன் வாரங்களில் செய்ததெல்லாம் இந்த ஒன்பது இறுக்கத்தையும் ஒழுங்காகச் செய்வதற்கான தயாரிப்புதான்.

பல் தேய்க்கும்போது நின்றபடி மூன்று, ஆபீஸில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தபடி மூன்று என்று ஏற்கெனவே உள்ள வேலைகளோடு ஒட்டிவிட்டால் மறக்காது. வண்டி ஓட்டும்போது வேண்டாம், கவனம் சிதறும்.

உடலுறவின்போது இதைப் பயன்படுத்துவது பத்துப் பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு தானாக வரும். விறைப்பு தளர்வதுபோலத் தெரிந்தால் மூன்று, நாலு தடவை இறுக்கிப் பார்க்கலாம். முதல் மாதத்திலேயே இதைச் சோதித்துப் பார்க்கப் போனால் மனம் முழுக்க அங்கேயே நின்று, ஆசை அடங்கிவிடும்.

முந்துதல் உள்ளவர்களுக்குத் தனியாக

உங்களுக்கு இறுக்கக் கற்பதோடு தளர்த்தவும் கற்க வேண்டியிருக்கிறது. முந்துபவர்களில் பலர் கிளர்ச்சி ஏற ஏறத் தங்களை அறியாமல் அந்தத் தசையைப் பிடித்துக்கொள்கிறார்கள், மூச்சும் மேல் நெஞ்சில் ஓடும். அதனால் ஒவ்வொரு முறை பயிற்சி முடிந்ததும் ஐந்து நிமிடம் மல்லாந்து படுத்து வயிறு உப்ப மூச்சிழுங்கள். மூச்சு உள்ளே வரும்போது ஆசனவாய்ப் பக்கம் மெல்ல விரிந்து கீழே இறங்குவதைக் கவனியுங்கள், தள்ள வேண்டாம்.

இதோடு நிறுத்தித் தொடங்கும் முறையையும் சேர்க்கலாம். ஜேம்ஸ் செமான்ஸ் என்ற மருத்துவர் 1956-ல் எழுதியது. தனியாகவோ துணையோடோ, கிளர்ச்சி உச்சத்துக்குக் கொஞ்சம் முன்பு வந்ததும் நிறுத்தி, அடங்கியபின் மீண்டும் தொடங்குவது, மூன்று தடவை நிறுத்தி நாலாவதில் விட்டுவிடுவது. எந்த இடத்தில் திரும்பி வர முடியாமல் போகிறது என்று உடம்புக்குப் புரிய ஆரம்பிக்கும். அந்த இடத்துக்குச் சற்று முன்னால் மூச்சை நீளமாக விட்டுத் தசையைத் தளர்த்தினால் பலருக்கு நேரம் கிடைக்கிறது.

யார் செய்யக் கூடாது

விதைப்பைக்குப் பின்னால் தொடர்ந்து வலி, விந்து வெளியேறும்போது எரிச்சல், சிறுநீர் தொடங்கத் தாமதம், உட்கார்ந்தால் ஏதோ உருண்டையின் மேல் உட்கார்ந்ததுபோல ஒரு உணர்வு, இதெல்லாம் இருந்தால் உங்கள் தசை ஏற்கெனவே அளவுக்கு மீறி இறுகிக் கிடக்கலாம். அதை மேலும் இறுக்கினால் வலி கூடும். முதலில் யூராலஜிஸ்ட்டை (சிறுநீர்ப் பாதை மருத்துவர்) பார்த்துவிட்டு, இடுப்புத்தளத்தில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் தளர்த்தும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். பெரிய நகர மருத்துவமனைகளில் இப்போது இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள், அவர்களுக்கு இது தினப்படி வேலை.

நோட்டுப் புத்தகமும் அளவுகோலும்

தினமும் "இன்று எப்படி" என்று பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடிக்கும். விறைப்பு தூக்கம், சாராயம், சண்டை, வேலைச் சுமை எல்லாவற்றோடும் ஏறி இறங்கும். அதனால் இரண்டே கணக்கு வையுங்கள். ஒன்று, பயிற்சி செய்தேனா என்று தினமும் ஒரு டிக். இன்னொன்று மாதம் ஒரு தடவை: காலை விறைப்பு வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு கெட்டி, கடைசிச் சொட்டு நின்றதா, எத்தனை நொடி தசையைப் பிடிக்க முடிகிறது.

மருத்துவர்கள் பயன்படுத்தும் ஐந்து கேள்விப் படிவம் ஒன்று இருக்கிறது, மதிப்பெண் 5 முதல் 25 வரை. 22-ம் அதற்கு மேலும் என்றால் குறைபாடு இல்லை, 17 முதல் 21 லேசான குறை, 12 முதல் 16 லேசுக்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்ட குறை, 11-ம் அதற்குக் கீழும் என்றால் கணிசமான குறை. கடந்த ஆறு மாதத்தை வைத்துப் பதில் சொல்லும் படிவம் அது, அதனால் தொடக்கத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று போதும். மருத்துவரிடம் கேட்டு நிரப்பி வாங்கிக்கொள்ளுங்கள், பிற்பாடு அவருக்கும் உதவும்.

தசை மட்டும் போதாது

ரத்தம் ஓடினால்தான் தசை இறுக்கிப் பிடிக்க ஏதாவது இருக்கும். வாரத்தில் நாலு நாள், நாற்பது நிமிடம், பேசினால் மூச்சிரைக்கும் வேகத்தில் நடை அல்லது சைக்கிள், இதை ஆறு மாதம் செய்தால் விறைப்பு முன்னேறுகிறது என்று 2018-ல் வந்த ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. இத்தாலியில் சர்க்கரை இல்லாத, உடல் பருமனும் விறைப்புக் குறையும் உள்ள 110 ஆண்களை வைத்து 2004-ல் வந்த ஆய்வில், எடையைக் குறைத்து உடற்பயிற்சி செய்த குழுவில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இரண்டு வருடத்தில் இயல்பு திரும்பியது. மருந்தே இல்லாமல். இரண்டு வருடம் என்பதையும் கவனியுங்கள்.

பீடி, சிகரெட்டை நிறுத்தாமல் மற்றதெல்லாம் செய்வது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான். நீண்ட நேரம் சைக்கிள் ஓட்டி அந்த இடம் மரத்துப்போனால் சீட்டை மாற்றுங்கள். தூக்கம் ஏழு மணி நேரம்.

மனைவியிடம் சொல்லிவிடுங்கள். "கொஞ்ச நாளாகச் சரியில்லை, டாக்டரைப் பார்த்தேன், பயிற்சி செய்கிறேன், மூன்று மாதம் ஆகும்" என்ற அளவுக்குப் போதும். சொல்லாமல் விலகி விலகிப் படுத்தால் அவர் தன்னைப் பிடிக்கவில்லையோ, வேறு யாராவது இருக்கிறார்களோ என்றுதான் நினைப்பார், அந்த மௌனம் விறைப்பை இன்னும் கெடுக்கும். முடிந்தால் முதல் மாதம் உடலுறவு கட்டாயமில்லை என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டு, தொடுவதும் அணைப்பதும் மட்டும் இருக்கட்டும். ஜெயித்தாக வேண்டும் என்ற அழுத்தம் போனாலே பலருக்குப் பாதி சரியாகிறது.

ஆறு மாதத்துக்குப் பிறகு

பலன் வந்தவர்கள் வாரத்தில் மூன்று நாள் தொடர்ந்தால் தசையைக் காப்பாற்றிக்கொள்ளலாம். முழுசாக விட்டால் சில மாதத்தில் தளரும்.

பலன் வராதவர்கள் தங்களைக் குறை சொல்ல வேண்டாம், யூராலஜிஸ்ட் அல்லது ஆண்ட்ராலஜிஸ்ட்டிடம் (ஆண்களின் பாலியல் பிரச்சினைகளுக்கான மருத்துவர்) போங்கள். மூன்று மாதத்தில் ஒரு துளி மாற்றமும் இல்லை என்றால் ஆறு மாதம் வரை காத்திருக்கவும் வேண்டாம். சர்க்கரையால் நரம்பு கெட்டிருந்தால், புராஸ்டேட் அறுவை சிகிச்சை ஆகியிருந்தால், பயிற்சியோடு மருந்தும் தேவைப்படலாம். சில்டெனாஃபில் (வயாக்ரா) 1998-லிருந்து புழக்கத்தில் உள்ள விறைப்பு மருந்து, அளவும் ஆளும் பார்த்துக் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். ஆனால் மெடிக்கல் ஷாப்பில் நீங்களே கேட்டு வாங்கிப் போடாதீர்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரை போன்ற நைட்ரேட் மருந்து எடுப்பவர் இதைச் சேர்த்துப் போட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. லேகியம் என்று விற்கும் சிலவற்றில் இதே மருந்தைச் சொல்லாமல் கலந்திருப்பதும் பிடிபட்டிருக்கிறது, அதனால் என்ன மாத்திரை, என்ன லேகியம் எடுக்கிறீர்கள் என்பதை ஒன்றுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். எந்த மருந்துக்குப் பிறகானாலும் விறைப்பு நாலு மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் நின்றால், விடியட்டும் என்று காத்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.